லாரிக்காரருக்கும் ஒரு நன்றி

“டேய் தனபாலு, வால்யூமக் கொறைடா!”

மேடைக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து என் காதில் கத்தியவர் ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர். எல்லோருக்கும் அவர் ‘ஒன்றியம்’தான். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் நான் மைக் செட் வைத்திருந்தேன். என் பிழைப்பில் பாதி அவர் தரும் கூட்டங்களால் ஓடியது. அவர் கையைக் கீழே இறக்கிக் காட்டினால் வால்யூம் இறங்க வேண்டும். யாராவது கேட்டால், ‘கரண்ட் சரியில்லை’ என்பதுதான் எங்கள் தொழிலின் பதில்.

அன்றைக்குப் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு காலனியில் குடிநீர்த் தொட்டி திறப்பு விழா. அமைச்சரே வந்திருந்தார். காலையில் ஹாரன் ஸ்பீக்கர் கட்டும்போதே நான் கூத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு தண்ணீர் லாரி வந்து, ஹோஸ் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. தொட்டிக்கு மெயின் பைப்பிலிருந்து இணைப்பே கொடுக்கவில்லை!

“மினிஸ்டர் டேட் குட்த்துட்டாரு, இன்னா பண்ணச் சொல்ற? கொழாயத் தொறந்தா தண்ணி வரணும், அவ்ளோதான்” என்றார் ஒன்றியம்.

அமைச்சர் குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது, கைதட்டல் பறந்தது, கல்வெட்டின் திரையும் விலகியது. அடுத்து நன்றியுரை. நம் ஊரில் நன்றியுரை தொடங்கியதும் நாற்காலி மடக்க ஆரம்பித்துவிடுவார்கள், யார் கேட்கிறார்கள்? காலனிப் பள்ளியின் ஸ்டெல்லா டீச்சர் மைக் முன் வந்தார். அமைச்சருக்கு, அதிகாரிகளுக்கு, பந்தல்காரருக்கு என்று முறையாகப் போனவர், குரல் மாறாமல் சொன்னார்:

“காலையிலேயே லாரில தண்ணி கொண்டுவந்து இந்தத் தொட்டிய நிரப்பின டிரைவர் அண்ணனுக்கும் எங்க நன்றி. அவர் நாளைக்கும் வருவாரான்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.”

அப்போதுதான் ஒன்றியம் என்னிடம் ஓடிவந்தார். என் விரல் வால்யூம் திருகின் மேல் இருந்தது. எதிரே குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்தேன். திருகினேன். மேலே!

டீச்சர் அதையே இன்னொரு முறை சொன்னார். படியிறங்கப் போன அமைச்சர் திரும்பி மைக் பக்கம் வந்தார். பக்கத்தில் நின்ற என்ஜினீயரிடம், “லாரித் தண்ணியாய்யா?” என்று அவர் கேட்டது மைக்கில் விழுந்து, கட்டியிருந்த ஹாரன் அத்தனையிலும் கேட்டது.

“கனெக்‌ஷன் பாக்கி இருக்கு சார்... தேதிக்குள்ள ஃபங்ஷன் முடியணும்னு சொன்னாங்க...”

அதுவும் கேட்டது! கூட்டம் ஓவென்று கத்தியது. அமைச்சர் மைக்கைப் பிடித்தார். “இது திறப்பு விழா இல்ல. கல்வெட்ட மூடுங்க. பைப்ல தண்ணி வந்தப்புறம் கூப்பிடுங்க. வரலன்னா என்னைக் கேளுங்க.”

நேர்மையா, சாமர்த்தியமா, எனக்குத் தெரியாது. ஊரே கேட்ட பேச்சை இனி அவர் விழுங்க முடியாது. எனக்கு அது போதும்.

“உன் பொழப்ப நீயே கெட்த்துக்கினடா” என்றார் ஒன்றியம். அதன்பின் அவர் கூட்டம் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. கல்யாணம், காதுகுத்து, திருநீர்மலை உற்சவம் என்று வண்டியை ஓட்டினேன்.

மழைக்காலம் முடிந்ததும் காலனிக்காரர்களே என்னைக் கூப்பிட்டார்கள். அமைச்சர் வந்தார், குழாயைத் திறந்தார். லாரியைக் காணோம். குடம் குடமாகப் பிடித்தும் தண்ணீர் நிற்கவில்லை! மறுபடியும் ஸ்டெல்லா டீச்சரின் நன்றியுரை. இந்த முறை ஒருவரும் நாற்காலியைத் தொடவில்லை. அதிகாரிகள் டீச்சர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“கடைசியா, வால்யூமக் குறைக்காத மைக் செட் தனபால் அண்ணனுக்கு நன்றி” என்றார் டீச்சர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை தடுமாறி வால்யூமை ஏற்றிவிட்டேன், ஹாரன் எல்லாம் கீச்சென்று ஊளையிட்டன. காலனியே சிரித்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளே, மேடையில் இருப்பவர்கள் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். ஒரு கேள்வி வரும்போது வால்யூமை இறக்கச் சொன்னால், கரண்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.