செக்கிங் அக்கா உரசிப் பார்த்த திரை

கறுத்துப்போன திரையில் ‘நோ சிக்னல்’ என்று ஒரு சின்னக் கட்டம் தோன்றும். மூலைக்கு மூலை நகரும். பிறகு அதுவும் அணைந்துபோகும். காலை எட்டரை மணியிலிருந்து பதினோரு மணி வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது. கோவில்பட்டியை ஒட்டிய ஒரு தீப்பெட்டி ஆபீசில் லேபிள் வடிவமைக்கிறவன் நான். வெளியூர்க்காரர்கள் தொழிற்சாலை என்பார்கள். எங்களுக்கு அது ஆபீஸ்தான். அங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

முந்தின நாள் சாயங்காலம் லேப்டாப் அப்டேட் கேட்டது. சரி என்று அமுக்கினேன். அது பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ஐந்தரை மணிச் சங்கு ஊதியது. மருந்தும் குச்சியும் குவிந்து கிடக்கிற இடத்தில் ராத்திரி ஒரு வயரில்கூடக் கரண்ட் இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சங்கு ஊதினால் யார் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கை மெயின் சுவிட்சை இறக்கிவிடும். அன்று சும்மா இருந்த கை என்னுடையது. அப்டேட் ஓடுகிறதே என்ற நினைப்பே இல்லாமல் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். லேப்டாப் பாட்டரியில் தன் வேலையை முடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் அதோடு இணைத்திருந்த பெரிய மானிட்டர் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

லேப்டாப்பிலேயே வேலையைப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு முறை அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். அதன் திரையில் சிவப்பாகத் தெரிந்தது, அச்சாகி வந்தபோது கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. மொத்த லேபிளும் வீணானது. இப்போது வெளிநாட்டு ஆர்டர்; அவர்கள் கேட்ட சிவப்பு இம்மி பிசகக் கூடாது. மூன்று மணிக்குள் லேபிளை முடித்து சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தாண்டினால் அச்சு மெஷினில் காலண்டர் வேலை ஏறிவிடும், ஏறினால் பத்து நாளைக்கு இறங்காது. ஆர்டர்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். இந்த ஆர்டர் போனால் பேக்கிங் பிரிவுக்குச் சனிக்கிழமை வரை இருந்த வேலை இனி வாரம் மூன்று நாள்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஐப்பசி பிறந்தும் மழை இல்லாத வருடம் அது. புதூர்ப் பக்கமிருந்தும் கடம்பூர்ப் பக்கமிருந்தும் வேனில் வந்து இறங்குகிற நாற்பது பெண்களுக்கும் மானாவாரிக் காட்டில் வேலை கிடையாது.

நான் செய்யாத வித்தை இல்லை. கேபிளைக் கழற்றி ஊதினேன், திருப்பி மாட்டினேன், வேறு கேபிள் போட்டேன், வேறு துளையில் செருகினேன், லேப்டாப்பை அணைத்து அணைத்துப் போட்டேன். திருநெல்வேலியில் பழுது பார்க்கிறவரைக் கூப்பிட்டால், போனிலேயே ‘போர்டு போயிருக்கும், கொண்டுவாங்க’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மானிட்டரைத் துணியில் சுற்றிக் கட்ட ஆரம்பித்தபோதுதான் செக்கிங் அக்கா உள்ளே வந்தார்.

அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் ஆபீஸ் முழுவதற்கும் அக்கா என்பதால் எனக்கும் அக்கா. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு கை குச்சி அள்ளி உரசிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்வது அவர் வேலை. வலது கைப் பெருவிரல் நுனி எப்போதும் கருத்திருக்கும். ஆர்டர் உண்டா இல்லையா என்று கேட்டுவர பேக்கிங் பெண்கள் அனுப்பியிருந்தார்கள். நான் மானிட்டரைக் காட்டிக் கையை விரித்தேன்.

“பெட்டி குத்தம்னு யாரு சொன்னது? குச்சி குத்தமா இருந்தா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. குச்சியும் கம்ப்யூட்டரும் ஒன்றா என்று சிடுசிடுத்துவிட்டேன். அவர் முகம் மாறவே இல்லை.

“ஒண்ணு இல்லதான் அண்ணாச்சி. ஆனா நீங்க எல்லாத்தையும் ஒண்ணா மாத்துதீங்க. அப்புறம் எது குத்தம்னு எப்படித் தெரியும்?”

ஒரு சரக்கு தீப்பற்றாவிட்டால் அவர் செய்வது இதுதான்: சந்தேகப்பட்ட பெட்டியில் நல்ல குச்சியை உரசுவார், சந்தேகப்பட்ட குச்சியை நல்ல பெட்டியில் உரசுவார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். எனக்கு வேறு வழி இல்லை. சுற்றிய துணியைப் பிரித்து, மானிட்டரை அதே கேபிளோடு டெஸ்பாட்ச் அறைக்குத் தூக்கிப் போய் அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. மானிட்டரும் கேபிளும் நிரபராதி. திருநெல்வேலித் தீர்ப்பு அங்கேயே தள்ளுபடி. திரும்பக் கொண்டுவந்து லேப்டாப்பில் செருகி, அணைத்துப் போட்டேன். நான் வழக்கம்போல லேப்டாப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துச்சு” என்றார். “வெள்ளையா என்னமோ எழுத்து வந்துட்டுப் போயிட்டு.”

மறுபடி அணைத்துப் போட்டேன். இந்தத் தடவை நானும் பார்த்தேன். தொடக்கத்தில் வருகிற கம்பெனி முத்திரை பெரிய திரையில் அழகாக வந்தது. சிஸ்டம் உள்ளே நுழைகிற நேரத்தில் பொக்கென்று அணைந்தது. காலையிலிருந்து பத்துத் தடவையாவது அது அப்படி வந்து போயிருக்கும், அந்த நொடியில் நான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“பத்துது, நிக்க மாட்டேங்கு. மருந்து குத்தம் இல்ல அண்ணாச்சி, மெழுகு ஏறல. பின்னால வார சாமானைப் பாருங்க.”

குச்சியின் தலை பற்றிய பிறகு அது நின்று எரிவது மரத்தில் ஊறின மெழுகினால். இங்கே பின்னால் வருவது சிஸ்டம். எனக்குள் விளக்கு எரிந்தது அப்போதுதான். டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தேன். பெரிய மானிட்டரின் பெயர் அங்கே சமர்த்தாக இருந்தது. அதற்குக் கீழே, படத்தை வினாடிக்கு எத்தனை தடவை புதுப்பிப்பது என்ற இடத்தில் எழுபத்தைந்து என்று நின்றது. எங்கள் பழைய மானிட்டருக்கு அறுபதுக்கு மேல் தாங்காது. மெயினை இறக்கியதால் மானிட்டர் இல்லாமலே முடிந்த அப்டேட், தன்பாட்டுக்கு எழுபத்தைந்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அறுபதாக்கி அமுக்கினேன். பெரிய திரை முழுக்கச் சிவப்பு வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒன்றரை மணிக்குச் சிவப்பை முடித்தேன். ஆர்டர்காரர் பார்த்துச் சரி சொன்னார். இரண்டே முக்காலுக்கு அச்சகத்திலிருந்து வேலை மெஷினில் ஏறியதாகத் தகவல் வந்தது. முதலாளி அறைக்குள் வந்து என் முதுகில் தட்டி, கம்ப்யூட்டர்ல நம்ம ஆளை அடிக்க முடியாது என்றார். ஒரு நொடி அந்தப் புகழை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளத்தான் மனம் போயிற்று. ஆனால் அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“கண்டுபிடிச்சது அவியதான்” என்றேன்.

இன்று எங்கள் ஆபீசில் மூன்று மானிட்டர்கள் இருக்கின்றன. அப்டேட் வந்தால் எனக்கு முன்னால் அக்காவுக்குத்தான் சொல்கிறார்கள். அவரும் கருத்த விரலோடு வந்து, ஒன்றை மட்டும் மாற்றச் சொல்கிறார். ஆனால் அந்தத் திரைகளில் எது எரிந்தாலும் எனக்கு ஞாபகம் வருவது அன்றைய மூன்று மணிதான். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை என்று பேக்கிங் பெண்களிடம் அக்காவையே போய்ச் சொல்லச் சொன்னார் முதலாளி. நானும் பின்னாலேயே போனேன். நாற்பது பெண்களும் கை வேலையை விடாமல் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தார்கள். மானிட்டரைப் பற்றியோ அறுபதைப் பற்றியோ அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஏட்டி, சனிக்கிழமைக்கும் சோறு கட்டிட்டு வாங்க” என்றார்.