உப்பு லாரியின் உறைந்த பிரேக்

ஜனவரி மாதத்தில், மாலை நான்கு மணிக்கு, ஒரு லாரியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்கிற ஆளுக்கு மூளை எங்கே இருக்கும்? கவ்ரில் இந்தக் கேள்வியை அன்று மூன்று பேரிடம் கேட்டார். மூன்று பேரும் சிரித்துவிட்டுப் போனார்கள். கேட்க வேண்டிய ஆளான சாலைத் துறைப் பொறியாளர் டிரகோமிர் எழுபது கிலோமீட்டர் தள்ளி, சூடான அறையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்களாம். வண்டி பளிச்சென்று இருக்க வேண்டுமாம்.

"சார், அது உப்பு லாரி. ரோட்டுல உப்பும் மணலும் தூவுற வண்டி அழுக்காத்தான் இருக்கும்," என்று போனில் சொல்லிப் பார்த்தார்.

"கழுவிட்டு போட்டோ அனுப்புங்க கவ்ரில். ஹேண்ட் பிரேக் போட்டதுக்கும் ஒரு போட்டோ வேணும். போன மாசம் வெறும் கட்டை வெச்சு நிறுத்திட்டுப் போனீங்களாமே? சர்க்குலர் படிக்கிற வழக்கமே இல்லையா?"

கவ்ரிலுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒன்பது வருடம் இத்தாலியில் லாரி ஓட்டிவிட்டு, அங்கே யாரோடும் ஒத்துப்போகாமல் ருமேனியாவுக்குத் திரும்பி, பதினாறு குளிர்காலமாக இந்தக் கணவாய் ஒன்றுக்கே உப்பு தூவுகிறவர். கோபக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை. வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. கடுங்குளிர் இரவுகளில் அவர் ஹேண்ட் பிரேக் போடவே மாட்டார். சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு கட்டைகளை உதைத்துச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அன்று மட்டும் சொன்னபடி செய்தார். கழுவினார், பிரேக் போட்டார், போட்டோ அனுப்பினார். அதற்கு ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

காலை ஆறு மணிக்குக் கிடங்குக்கு வந்தபோது குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு டிகிரிக்கு இறங்கியிருந்தது. முந்தைய இரவு மழை பெய்து பெய்தபடியே உறைந்ததில் கணவாய்ச் சாலை கண்ணாடி போலக் கிடந்தது. இஞ்சின் ஒருவழியாக இருமி எழுந்தது. பிரேக்குக்கான காற்றழுத்தம் மீட்டரில் தேவையான எட்டு வரை ஏறியது. ஹேண்ட் பிரேக்கை விடுவிக்கும் குமிழை உள்ளே தள்ளி, முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டார். லாரி முன்பக்கம் தலையைத் தூக்கி, அப்படியே உட்கார்ந்துகொண்டது. பின்னால் எடுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"கழுவச் சொன்னான்ல! கழுவச் சொன்னான்ல!" என்று கத்திக்கொண்டே சுத்தியலோடு இறங்கினார்.

அவர் கணக்கு இதுதான். பின்சக்கர டிரம்முக்குள் தண்ணீர் புகுந்து, பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி உறைந்திருக்கிறது. தட்டினால் விட்டுவிடும். தட்டினார். இடது சக்கரம், வலது சக்கரம், மறுபடி இடது. டிரகோமிரின் மண்டை என்று நினைத்துக்கொண்டு தட்டினார். இருபது நிமிடம் போனது. ஏறி கியர் போட்டால் லாரி அதே இடத்தில் நின்றது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு நெக்குலாய் வேலியருகே வந்து நின்றார். கையில் வெல்டிங் பட்டறையிலிருந்து கொண்டுவந்த, தீ பீய்ச்சும் காஸ் டார்ச்.

"என்னய்யா, விடியறதுக்கு முந்தி கோயில் மணி அடிக்கிற? இந்தா, ரெண்டு நிமிஷம் தீயைக் காட்டு."

"கீழ பூரா பிளாஸ்டிக் டியூபு. தீயைக் காட்டினா உன் வீடும் சேர்ந்து வெளிச்சமாயிடும். பரவாயில்லையா?"

"அப்போ வெந்நீர் ஊத்து."

"ஊத்துறேன். அது உறையறதுக்குள்ள இன்னொரு குடம் நீ கொண்டா. ஏப்ரல் வரைக்கும் ஊத்திட்டே இருக்கலாம்."

"பிளம் சாராயம் இருக்கு. பைப்புல விட்டா..."

"அதுல பாதி தண்ணின்னு ஊருக்கே தெரியும். நீயே குடி."

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வேன் கிடங்கு வாசலில் வந்து நின்றது. ஓட்டுவது பெட்ரோனெலா. வாரத்தில் மூன்று நாள் இந்தப் பள்ளத்தாக்கின் சிறுநீரக நோயாளிகளை நகரத்துக்கு ரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோகிறவள். பனி நாட்களில் உப்பு லாரி முன்னே போகும், வேன் பின்னே போகும். அன்று உள்ளே ஒரே ஒருத்திதான் இருந்தாள். ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற அக்லாயா. கண்ணுக்குக் கீழே முகம் வீங்கியிருந்தது. போன வெள்ளிக்கிழமை சாலை மூடியிருந்ததால் ஒரு முறை ஏற்கெனவே தவறிவிட்டது.

"அண்ணே, இன்னும் கிளம்பலையா? எட்டு மணிக்கு மெஷின்ல படுக்கணும் இவங்க," என்றாள் பெட்ரோனெலா.

"கிளம்பினா இங்க ஏன்மா நிக்கிறேன்? பிரேக் புடிச்சிட்டு விடமாட்டேங்குது."

"நான் மெதுவா முன்னாடி போகட்டா?"

"போ. முதல் வளைவுலயே பள்ளத்துல கிடப்ப. அப்புறம் உன்னைத் தூக்க நான் வரணும், அதுக்கும் இந்த லாரிதான் வரணும்!"

அக்லாயா கண்ணாடியை இறக்கினாள். "கவ்ரில், நீ அவளைத் திட்டினா பிரேக் விடுமா? விடும்னா திட்டு, நானும் கூடச் சேர்ந்து திட்டுறேன். இல்லைன்னா வாயை மூடிட்டு வேலையைப் பாரு. எனக்கு நேத்துலேருந்து மூச்சு வாங்குது."

கவ்ரில் வாயை மூடினார். கோபம் அடங்கவில்லை, ஆனால் சத்தம் நின்றது. அந்த அமைதியில் மறுபடி ஏறி உட்கார்ந்து பிரேக் குமிழை வெளியே இழுத்தார், உள்ளே தள்ளினார். அப்போதுதான் உறைத்தது. பின்பக்கம் 'உஸ்' என்று ஒரு மூச்சு வர வேண்டும். வரவில்லை. காலையிலிருந்தே வந்திருக்காது. தன் சுத்தியல் சத்தத்திலும் வசவுச் சத்தத்திலும் அதைக் கவனிக்காமலே விட்டிருக்கிறார்.

பெரிய லாரிகளில் ஹேண்ட் பிரேக்கைப் பிடிப்பது காற்று அல்ல, உள்ளே இருக்கும் முரட்டு ஸ்பிரிங். காற்று போய் அந்த ஸ்பிரிங்கைப் பின்னுக்குத் தள்ளினால்தான் சக்கரம் விடுபடும். டேங்கில் காற்று நிறைய இருக்கிறது, ஆனால் பின்னால் போய்ச் சேரவில்லை. நடுவில் உள்ள வால்வில் தண்ணீர் உறைந்து அடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் நேற்று கழுவியதல்ல. காற்றிலுள்ள ஈரத்தை டேங்குக்குப் போகும் முன் உறிஞ்ச வேண்டிய டப்பா தேய்ந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் அதே கட்டைவிரல் படம்தான் வந்தது.

"இருபது நிமிஷம்! இருபது நிமிஷம் தப்பான இடத்துல அடிச்சிருக்கேன்!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினார். யாரைத் திட்டுவதென்று தெரியாமல் தன்னையே திட்டிக்கொண்டார். பிறகு இறங்கி, "பெட்ரோனெலா, முடி உலர்த்துற மெஷின் யார்கிட்டயாவது இருக்கா?" என்றார்.

"என் வீட்டுல இருக்கு," என்றாள் அக்லாயா. "குளியலறை அலமாரி. இந்தா சாவி. அந்தப் பூனையை வெளிய விட்டுடாதே."

நான்கு வீடு தள்ளித்தான் அவள் வீடு. பெட்ரோனெலா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். நெக்குலாய் தன் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தார். கவ்ரில் ஒரு அட்டையைப் போட்டு லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, வால்வின் மேல் சூடான காற்றை ஊதினார். ஊதிய சூடு அடுத்த நொடியே காற்றோடு போனது. விரல் மரத்தது. மீசையில் ஐஸ் பிடித்தது.

"சூடு நிக்க மாட்டேங்குது! எதையாவது போத்தி மறைக்கணும்!" என்று லாரிக்கு அடியிலிருந்து கத்தினார்.

வேன் கதவு திறந்து ஒரு கம்பளி வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் குளிரில் நடுங்காமல் படுத்திருக்க அக்லாயா எப்போதும் எடுத்துப் போகும் கம்பளி.

"அக்கா, கிரீஸ் ஆயிடும்," என்றார் கவ்ரில்.

"ஆகட்டும். அதைப் போத்திட்டு நான் என்ன விருந்துக்கா போறேன்?"

வால்வைச் சுற்றிக் கம்பளியைக் கூடாரம் போலச் சுருட்டி, உள்ளே ஊதினார். நெக்குலாய் மேலே ஏறிக் குமிழை இழுத்தார், தள்ளினார். ஒன்றுமில்லை. மறுபடி ஒன்றுமில்லை. கால் மணி நேரம் கழித்து, முதலில் கிழவன் கொட்டாவி விடுவது போல ஒரு இழுப்பு, பிறகு நீளமாக ஒரு 'உஸ்'. பெட்ரோனெலா கைதட்டினாள்.

"தட்டாதே. இன்னும் இருக்கும்," என்றார் கவ்ரில். அப்படியே இருந்தது. கியர் போட்டதும் லாரி நகர்ந்தது. ஆனால் வலது பின்சக்கரம் மட்டும் உருளாமல் பனியில் சறுக்கிக்கொண்டே வந்தது.

"இதுதான் நேத்து கழுவின புண்ணியம்," என்று முனகியபடி மறுபடி சுத்தியலை எடுத்தார். இந்த முறை சரியான இடம். டிரம்மின் விளிம்பில் சுற்றிச் சுற்றி, உடைந்துவிடாதபடி அளவாக அடித்தார். வண்டியை ஒரு சாண் முன்னே எடுத்தார், ஒரு சாண் பின்னே எடுத்தார். இறங்கி அடித்தார். மூன்றாவது முறை 'படார்' என்று துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். சக்கரம் சுழன்றது.

கிளம்பும் முன், தேங்கிய தண்ணீரை வடிக்கக் காற்று டேங்குகளின் அடித் திருகுகளைத் திறக்கப் பார்த்தார். இரண்டு சிக்கிக்கொண்டன. மூன்றாவதிலிருந்து துருவும் எண்ணெயும் கலந்த தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வழிந்தது. அதையும் போட்டோ எடுத்து டிரகோமிருக்கு அனுப்பினார். கூட ஒரு கட்டைவிரல் படமும் வைத்தார்.

ஏழேகாலுக்குக் கணவாய் ஏறினார்கள். உப்பும் மணலும் பின்னால் விசிற, லாரி முன்னே போனது. அதன் தடத்திலேயே வேன் ஏறியது. உச்சியில், நகரத்து லாரி உப்பு தூவியிருந்த சாலை தொடங்கும் இடத்தில், கவ்ரில் ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கைத் தொடவில்லை. கட்டைகளை உதைத்துச் செருகிவிட்டு, நான்கு பின்சக்கரங்களையும் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார். பிரேக் உரசிக்கொண்டு வந்திருந்தால் சுடும். சுடவில்லை. வேன் கடந்து போகும்போது பெட்ரோனெலா இரண்டு முறை ஹாரன் அடித்தாள். ஜன்னலில் சாய்ந்து அக்லாயா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா, மூச்சு முட்டுகிறதா என்று தெரியவில்லை. கவ்ரில் வேன் கண்ணுக்கு மறையும் வரை நின்றுவிட்டு, பிறகுதான் வண்டியில் ஏறினார்.

அவள் எட்டே முக்காலுக்கு மெஷினில் படுத்தாள். நர்ஸ் ஒரு மணி நேரம் கூட்டி வைத்ததில் சாயங்காலம் முகம் வடிந்து, பழைய வாய்த்துடுக்கோடு திரும்பினாள். பார்வையிட வர வேண்டியவர்கள் குளிரைக் காரணம் காட்டி வரவில்லை. லாரி எழுபத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியதற்கு எழுத்தில் விளக்கம் கேட்டு டிரகோமிரிடமிருந்து தாள் வந்தது.

கவ்ரில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான்கு தடவை எழுதினார். நான்கையும் மனைவி டொம்னிக்கா வாங்கிப் படித்தாள். "இதை அனுப்பினா வேலை போயிடும்," என்று ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டாள். ஐந்தாவதில் ஒரே வரிதான் இருந்தது: 'சொன்னபடி கழுவினேன், சொன்னபடி பிரேக் போட்டேன்.'

"இது?" என்று நீட்டினார்.

டொம்னிக்கா இரண்டு முறை படித்தாள். "இது அந்த நாலையும் விட மோசம்யா," என்றாள். பிறகு தானே கவரில் போட்டு ஒட்டினாள்.