பொய் சொல்லாதவர்களோடு பதினொரு மாதம்

எங்களை நாடு கடத்தக் குறித்திருந்த நாளுக்கு முதல் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் என் எட்டு வயது மகளும் இரண்டு சூட்கேஸ்களோடு கனடாவில், ஸ்காபரோவில் இருந்த ஒரு மெனோனைட் தேவாலயத்துக்குள் போனோம். அதன் பிறகு அங்கிருந்து அனுமதியோடு வெளியே வர எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. இடையில் ஒரே ஒரு தடவை அனுமதி இல்லாமல் வெளியே போனேன்.

அந்தக் கட்டடம் எனக்குப் புதிதல்ல. புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் அங்கே ஆங்கில வகுப்பு நடக்கும். ஒன்றரை வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். நாங்கள் சைவக்காரர், மெனோனைட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. சொரூபம் இல்லாத, மெழுகுதிரி ஏற்றாத ஒரு கோயில் என்பதும், அந்தச் சனங்கள் எந்தக் காலத்திலும் துவக்குத் தூக்கிச் சண்டைக்குப் போகமாட்டார்கள் என்பதும் மட்டும்தான் தெரியும். அந்த இரண்டாவது விஷயமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

என் கணவரைக் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. கனடாவில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஓரிடத்தில் திகதி பிழைத்துவிட்டது. விசாரித்தவர் என்னை நம்பவில்லை. மேல்மனுவும் சரிவரவில்லை. விமானம் ஏறவேண்டிய நாள் குறித்த கடிதம் வந்ததும், அதை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பாஸ்டரிடம் காட்டினேன். பாஸ்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "இதைச் சபையிடம் கேட்கவேண்டும். ஞாயிறு நீங்களும் வாருங்கள்" என்றார்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கதிரைகளை வட்டமாகப் போட்டு அறுபது பேரளவில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் கை உயர்த்தி எண்ணும் வழக்கம் இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசுவார்கள். இடையில் நீண்ட நேரம் ஒருவரும் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என்னோடு வகுப்புக்கு வரும் ஓர் அண்ணை பக்கத்தில் இருந்து மெதுவாக மொழிபெயர்த்துச் சொன்னார்.

ஒவ்வொருவராகச் சம்மதம் சொல்லிக்கொண்டு வர, உயரமான கிழவர் ஒருவர் எழுந்தார். தச்சுவேலை செய்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஒரு வளையம் நிறையத் திறப்புகள் தொங்கின. அவர் பேசி முடிக்கும் வரை அண்ணை வாய் திறக்கவில்லை.

"என்னவாம் அண்ணை?"

"உவர் ஒத்துக்கொள்ளேல்லை தங்கச்சி. சட்டத்தை மீறுறது தனக்குச் சரியாப் படேல்லையாம். ஆனா மற்ற எல்லாரும் ஓமெண்டா, தான் குறுக்க நிக்க மாட்டாராம்."

"ஆர் உவர்?"

"பிக்கரிங்கில இருந்து வாறவர். இந்தக் கட்டடத்தைப் பாக்கிறது உவர்தான். எல்லாக் கதவுத் திறப்பும் உவரிட்டைத்தான் இருக்கு."

நாங்கள் உள்ளே போன அன்றே பாஸ்டர் ஒரு கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். குடிவரவு அலுவலகத்துக்கு அவர் எழுதியது. நானும் என் பிள்ளையும் இந்தத் தேவாலயத்தில், இந்த முகவரியில் இருக்கிறோம் என்று அதில் இருந்தது.

"ஏன் அவர்களுக்குச் சொல்கிறீர்கள்?" என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நாங்கள் உங்களை ஒளித்து வைக்கவில்லை. இருக்க இடம் கொடுக்கிறோம். யாராவது வந்து கேட்டால் இருக்கிறீர்கள் என்றுதான் சொல்வோம். ஆனால் நாங்களாக உங்களை வெளியே அனுப்பமாட்டோம்."

"இல்லை என்று சொல்லமாட்டீர்களா?"

"மாட்டோம்."

நீதிமன்றத்தில்கூடத் தாங்கள் சத்தியம் செய்வதில்லை என்று அவர் விளக்கினார். ஆம் என்றால் எப்போதும் ஆம்தானாம். அதற்கு மேல் சத்தியம் எதற்கு என்றார். எனக்கு அழுகை வந்தது. ஊரில் ஆமி வீடு வீடாகத் தேடி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "இஞ்ச ஒருத்தரும் இல்லை ஐயா" என்று சொன்ன பொய்யால்தான் அன்று நாங்கள் தப்பினோம். பொய் சொல்லத் தெரியாத சனங்களை நம்பி ஒருத்தி எப்படிப் பாதுகாப்பாக இருக்கலாம்? தேவாலயத்துக்குள் பொலிஸ் வரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என்றும் பாஸ்டர் சொன்னார். வரத் தயங்குவார்கள், அவ்வளவுதான். அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

பேஸ்மென்ரில் சின்னப் பிள்ளைகளின் வேதபாட அறையை எங்களுக்குத் தந்தார்கள். முழங்கால் உயரத்தில் மேசை, குட்டிக் கதிரைகள், சுவரில் நோவாவின் பேழை. யன்னல் நிலமட்டத்தில் இருந்தது. அதனூடாக ஆட்களின் கால்களும் சப்பாத்துகளும் மட்டும் தெரியும். நான் சப்பாத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். கறுப்பு நிறத்தில், மினுக்கி, இரண்டு சோடி சேர்ந்து வந்தால் அறை விளக்கை அணைத்துவிடுவேன். ஒரு தடவை அப்படி வந்தவர்கள் வெப்பமூட்டும் இயந்திரத்தைச் சோதிக்க வந்தவர்கள். அவர்கள் போகும் வரை மகளின் வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளை சத்தமே போடவில்லை. அவளுடைய வாயைப் பொத்தியிருக்கத் தேவையில்லை.

மெல்ல மெல்ல அந்தக் கட்டடத்தின் கிழமை எனக்குப் பழகியது. ஞாயிற்றுக்கிழமை நல்லது. ஆட்கள் நிறைந்திருப்பார்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் நான்கு குரலில் பாடுவார்கள். கீழே எங்கள் அறையின் கூரை மெல்ல அதிரும். பிறகு எல்லோரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை நீள மேசையில் பரப்புவார்கள். நான் பருப்பும் சோறும் சமைத்து வைப்பேன். முதல் மாதம் ஒரு கரண்டிதான் எடுத்தார்கள். தைப்பொங்கலுக்குள் சட்டி காலியாகத் தொடங்கியது. திங்கட்கிழமைதான் பொல்லாதது. கட்டடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டி இரைச்சலை நிறுத்தினாலும் திடுக்கிடுவேன். வியாழன் பின்னேரம் பாட்டுப் பயிற்சி. புதன்கிழமை பெண்கள் பத்துப் பேர் வந்து பெரிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, துணித்துண்டுகள் பொருத்திய போர்வைகளைத் தைப்பார்கள். யுத்தம் நடக்கும் நாடுகளுக்கு அனுப்பத்தான். என்னையும் கூப்பிட்டு ஊசி தந்தார்கள். என் தையல் அவர்களுடையதைவிடச் சின்னது என்று ஒருத்தி மற்றவர்களுக்குக் காட்டினாள். ஊசி கையில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பயம் குறைவாக இருக்கும்.

சனிக்கிழமை அந்தக் கிழவர் வருவார்.

காலை எட்டுக்குத் திறப்பு வளையத்தின் சத்தம் கேட்கும். தரைக்கு வாக்குவம் பிடிப்பார், பல்பு மாற்றுவார், ஸ்னோ தள்ளுவார். எங்களைக் கண்டால் தலையை ஆட்டுவார், கதைக்கமாட்டார். நாங்கள் முகம் கழுவும் தொட்டியில் தண்ணீர் அள்ளிக் குளிப்பதை யாரோ சொல்லியிருக்கவேண்டும். நவம்பரில் மூன்று சனிக்கிழமைகள் வந்து, பேஸ்மென்ரில் தனியாளாக ஒரு ஷவர் கட்டித் தந்தார். அதற்கும் பயந்தேன். நல்லது செய்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவர் சுத்தியலை வைத்துவிட்டு மேலே டெலிபோன் பக்கம் போனாலே, படிக்கட்டில் நின்று காது கொடுப்பேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. தைத்துக்கொண்டிருந்த நான் பின்னேரம் இரண்டு மணிபோல மகளைப் பார்க்கக் கீழே போனேன். அறையில் பிள்ளை இல்லை. கழிப்பறையில் இல்லை. மேலே பெரிய மண்டபத்தில் வாங்குகளுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பிறகுதான் அவளுடைய பூட்ஸ் இல்லாததைக் கவனித்தேன். பின்கதவு கொளுவாமல் கிடந்தது.

என் வாயிலிருந்து எப்படியான சத்தம் வந்ததோ தெரியாது, பத்துப் பெண்களும் ஓடி வந்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீங்கள் போகவேண்டாம், நாங்கள் தேடுகிறோம்" என்றாள். நான் உதறிவிட்டு வெளியே இறங்கினேன். கோட் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு.

ஐந்து மாதமாக நான் வெளிச்சத்தில் நிற்கவில்லை. ஸ்னோவில் பட்ட வெயில் கண்ணைக் குத்தியது. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு காரும் குடிவரவுக்காரருடைய கார் போல இருந்தது. சந்தியில் ஒரு பொலிஸ் கார் திரும்பி மெதுவாக என்னைக் கடந்தது. ஓடினால் பிடிப்பார்கள், நின்றால் கேட்பார்கள் என்று, நடந்தேன். செருப்புக்குள் ஸ்னோ போனது தெரியவில்லை. என்னைப் பிடித்தால் பிள்ளை இந்த ஊரில் தனியாகத் திரிவாளே என்பது ஒன்றுதான் தலைக்குள் நின்றது. கார் போய்விட்டது.

இரண்டாவது வீதியில் ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதன் கம்பிவேலி ஓரமாக என் மகளின் சிவப்புத் தொப்பியைக் கண்டேன். அவளுக்குப் பக்கத்தில் அந்தக் கிழவர் நின்றார்.

பிடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். யாருக்கோ அறிவித்துவிட்டு, அவர்கள் வரும் வரை காவல் நிற்கிறார் என்று. ஓடிப்போய் மகளை இழுத்து அணைத்தேன்.

"ஏன் வெளியில வந்தனீ? அம்மாவை விட்டிட்டு ஏன் வந்தனீ?"

"நான் ஓடேல்லை அம்மா. ரிசெஸ்ல பிள்ளையள் விளையாடுறதைப் பாக்க வந்தனான். ஒவ்வொரு நாளும் சத்தம் கேக்கும், ஒருக்காப் பாக்கவேணும் போல இருந்தது."

வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஸ்னோவில் புரண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். கிழவர் தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். முதல் நாள் இரவு விழுந்த ஸ்னோவைத் தள்ள வந்த இடத்தில், பின்கதவிலிருந்து சின்னக் காலடிகள் வெளியே போனதைக் கண்டு பின்தொடர்ந்தேன் என்றார்.

"ஏன் உடனே கூட்டிக்கொண்டு வரவில்லை?" என்று கேட்டேன்.

"மணி அடிக்கும் வரை பார்க்கலாமா என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன்."

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். மூவரும் திரும்பி நடந்தோம். வழியில் அவரைக் கெஞ்சினேன், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. வெளியே போனது தெரிந்தால் சபை எங்களை வைத்திருக்காது என்று நான் நம்பினேன். அவர் என் மகளின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். பிறகு, "நான் மறைக்கமாட்டேன்" என்றார்.

அந்த ஞாயிறு மகளோடு மேலே போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். ஆராதனையில், யாரும் எழுந்து தங்கள் மனதில் இருப்பதைச் சொல்வதற்கு ஒரு நேரம் உண்டு. யாருக்கோ அறுவைச் சிகிச்சை, யாருக்கோ பேரப்பிள்ளை. பிறகு அவர் எழுந்தார். நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்தேன். பெட்டியை எதில் தொடங்கி அடுக்குவது என்றுகூட யோசித்தேன்.

அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். காலடிகள், வேலி, மணி. "இவர்களை இங்கே வைத்திருப்பது பற்றி என் எண்ணம் உங்களுக்குத் தெரியும். அது மாறவில்லை. ஆனால் நாங்கள் அடைத்து வைத்திருக்கும் பிள்ளை மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தது. இதையும் நாங்கள் பேசவேண்டும்."

பேசினார்கள். பாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குப் போய் எதையும் மறைக்காமல் கேட்டார். பள்ளி அதிபர் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். மாட்டேன் என்று சொன்னவள் நான்தான். வழியில் பிள்ளையைப் பிடித்துவிட்டால்? பிள்ளையைக் காட்டி என்னை வெளியே கூப்பிட்டால்? நான்கு நாள் மறுத்தேன். ஐந்தாம் நாள் கிழவர் கீழே வந்து, கதவுக்கு வெளியே நின்றபடி, தானே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

"உங்களுக்குத்தான் இது சரியென்று படவில்லையே?"

"பள்ளிக்கூடம் போவதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை" என்றார்.

ஜூன் கடைசி வரை பள்ளி நாட்களில் எல்லாம் பிக்கரிங்கிலிருந்து காரோட்டி வந்தார். காலையில் யன்னலில் இரண்டு சோடிப் பூட்ஸ் போகும். மூன்றரைக்குத் திரும்பி வரும். இடைப்பட்ட நேரம் முழுக்க நான் கட்டடத்தின் கதவுகளை எண்ணிக்கொண்டு திரிவேன். ஒரு நாள் இருபது நிமிடம் பிந்திவிட்டார்கள். பின்கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றேன். கடைசியில் பார்த்தால், மகள் ஒரு கையுறையைத் தொலைத்து, இருவரும் அதைத் தேடியிருக்கிறார்கள்.

ஆகஸ்டில், சபை எங்களுக்காகப் போட்டிருந்த மனுவை ஏற்று, மனிதாபிமான அடிப்படையில் எங்களை இருக்க விடுவதாகக் கடிதம் வந்தது. பாஸ்டர் வாசித்தார். நம்பாமல் அண்ணையைக் கூப்பிட்டுத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். "ஓம் தங்கச்சி, முடிஞ்சுது. இனி எங்கயும் போகலாம்" என்றார் அவர். அழுகை வரவில்லை. அன்று முழுவதும் படுத்தே கிடந்தேன்.

நாங்கள் வாடகைக்குப் பிடித்த அப்பார்ட்மென்ருக்குப் போன சனிக்கிழமை கிழவர்தான் பெட்டிகளைத் தூக்கிக் காரில் ஏற்றினார். நன்றி சொன்னேன். நானும் மகளும் பக்கத்தில் கடைக்குப் போய்ப் பாலும் பாணும் வாங்கி வருகிறோம், நீங்கள் முன்னால் போங்கள் என்றும் சொன்னேன். நடந்து பார்க்கவேண்டும் போல இருந்தது.

சந்தியில் எப்படிக் கடப்பதென்று எனக்குத் தெரியவில்லை. மகள்தான் கம்பத்தில் இருந்த பொத்தானை அழுத்திவிட்டு, "பொறுங்கோ அம்மா, விளக்கில வெள்ளை மனிசன் வரட்டும்" என்றாள். நின்றோம். ஒரு பொலிஸ் கார் எங்களுக்கு முன்னால் வந்து சிவப்பு விளக்குக்கு நின்றது. மகள் கையை உயர்த்தி அவர்களுக்கு ஆட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "என்னம்மா?" என்று அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். காருக்குள் இருந்த பெண் பொலிஸும் பதிலுக்குக் கை ஆட்டினாள். விளக்கு மாறியது. நான் கடக்கவில்லை. அடுத்த தடவை மாறும்போதுதான் கடந்தோம்.