சித்தி வந்து தங்கிய வீடு

"சித்தி சரியான ஸ்ட்ரிக்ட். தம்பியோட ஒரே ரூமில படுக்கச் சொல்றா," என்று அந்தப் பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் முறைப்பாடு சொன்னாள். அவளுக்குப் பதினொரு வயது இருக்கும். நான் நாற்பதைக் கடந்தவள். அவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

குழந்தைகள், குடும்பங்கள் தொடர்பான திட்டங்களை வகுக்கும் அலுவலகம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். தாயோ தகப்பனோ நோயில் விழுந்தால் பிள்ளைகளை அந்நியர் வீட்டுக்கு அனுப்பாமல், அவர்களுக்குத் தெரிந்த உறவினர் ஒருவரை அவர்கள் வீட்டிலேயே சம்பளத்தோடு தங்க வைக்கலாம் என்று ஒரு திட்டம் எழுதியிருந்தோம். எங்கள் நகரத்தின் வோபர்ன் பகுதியில் சில குடும்பங்களோடு அதைப் பரீட்சித்துப் பார்த்தோம். இந்தப் பிள்ளையின் தாய் மட்டக்களப்புக்காரி, தனி ஆள். மனச்சோர்வு முற்றி ஆஸ்பத்திரியில் இருந்தார். அதே நகரத்தின் மில்லிக்கன் பகுதியிலிருந்து அவருடைய தங்கை வந்து தங்கியிருந்தார். வீடு முழுக்கக் குழம்பு வாசம்.

என் அம்மாவுக்கும் அதே மனச்சோர்வு வருத்தம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த புதிதில் அவர் படுக்கையை விட்டு எழும்பாமல் போனார். எங்களுக்கும் ஒரு சித்தி இருந்தார். வரமுடியுமா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரிகள் என்னை அந்நியர் வீடு ஒன்றிலும் தம்பியைப் பக்கத்து நகரமான மிசிசாகாவில் இன்னொரு வீட்டிலும் விட்டார்கள். இரண்டு வீட்டுக்காரரும் நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் திரும்பி வந்த அன்று, அம்மா சோற்றைப் போட்டதும் தம்பி விருந்தாளியைப் போல "தாங்க் யூ" என்றான். அம்மா குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து இறங்கிக் காருக்குள் இருந்தபடியே தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அந்தப் பிள்ளைக்குத் தம்பியோட ஒரே அறையில படுக்கிறது பெரிய கரைச்சலாம்."

"அக்கா, ஒரு சின்னப் பிள்ளையில உங்களுக்குப் பொறாமையா?" என்று சிரித்தான்.

"ஓம். எரியுது."

அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு, "எனக்கும்தான்," என்றான்.

அடுத்த கிழமை அலுவலகக் கூட்டத்தில் திட்டத்துக்கான வயதெல்லை பற்றிய பேச்சு வந்தது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் மட்டும் உறவினரைத் தங்க வைத்தால் போதும், பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வேறு வீட்டில் இருந்தாலும் சமாளித்துக்கொள்வார்கள் என்றார் எங்கள் மேலதிகாரி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பலர் தலையாட்டினார்கள்.

எனக்கு அந்தப் பிள்ளையின் சுளித்த முகம் நினைவுக்கு வந்தது. அவளுக்குக் கிடைத்துவிட்டதே, அது போதும், வாயைத் திறக்காதே என்று ஒரு கணம் மனம் சொல்லத்தான் செய்தது. ஆனால், "நான் சமாளித்தேன்," என்று ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டேன். "நன்றாகவே சமாளித்தேன். தம்பி எந்தத் தெருவில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் எடுத்தேன். அதனால் எனக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்."

அந்த அலுவலகத்தில் என் கதையை அதுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை. மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்று முடிவெடுக்கவில்லை. ஆனால் இறுதி வடிவம் வந்தபோது அதில் வயதெல்லை இருக்கவில்லை.

மாரிக் குளிர் தொடங்கும்போது மறுபடி வோபர்னுக்குப் போனேன். தாய் சுகமாகி வீட்டுக்கு வந்திருந்தார். சித்தி மில்லிக்கனுக்குத் திரும்பிவிட்டார். உள்ளே ரீவியில் எதைப் பார்ப்பது என்று அக்காவும் தம்பியும் போட்ட சண்டை வெளியில் லிஃப்ட் வரைக்கும் கேட்டது.

கதவைத் திறந்த பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, ஆரோ ஒரு அன்ரி வந்திரிக்கிறா!"

அவள் என்னை மறந்துவிட்டிருந்தாள். "உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்று தாய் கூப்பிட்டார். சப்பாத்தைக் கழற்றியபடியே அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அந்த மாதங்களில் மறக்க முடியாதபடி அவளுக்கு ஒன்றுமே நடந்திருக்கவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.