தலைகீழாய் எழுதிய வரி

வைஜயந்தி டில்லித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பதினோரு வருடமாகத் தற்காலிகக் கணக்கு டீச்சர். அன்று அவள் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க வந்த அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது.

கரும்பலகையில் இரண்டு கோடுகள், குறுக்கே ஒன்று. ஒன்றுவிட்ட கோணங்கள் இரண்டும் அறுபத்தைந்து பாகை. கோடுகள் இணை என்று நிரூபிக்க வேண்டும். பதற்றத்தில், 'கோடுகள் இணை, எனவே கோணங்கள் சமம்' என்று எழுதிவிட்டாள். நிரூபிக்க வேண்டியதையே காரணமாக்கிவிட்டாள்! பிள்ளைகள் முப்பது பேரும் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பஹுத் அச்சா," என்று பாராட்டிய அதிகாரி, படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

வைஜயந்தி டஸ்டரை எடுத்தாள். "கலத் ஹை, சார்," என்று தப்பை ஒப்புக்கொண்டவள் பிள்ளைகளிடம் திரும்பினாள். "தலைகீழா எழுதிட்டேன். அடிச்சுட்டு எழுதுங்கோ: கோணங்கள் சமம், அதனால கோடுகள் இணை."

அதிகாரி பேனாவை மூடினார். முப்பது பேனாக்கள் ஓடின.