சாரம் எடுத்த காப்பியும் ஞானம்மா மிஸ்ஸியும்

1. பொட்டலம் திரும்பி வந்தது

"இதக் காப்பின்னு எந்த வாயால சொல்லி வித்த, தம்பி?"

காலையில் நான் கடையைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது, பொட்டலத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஞானம்மா மிஸ்ஸி கேட்ட கேள்வி இது. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு காப்பிக் கடையில் நான் வறுவல் வேலை பார்த்தேன். கொட்டையை வறுப்பது, அரைப்பது, கட்டிக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு; கைக்கு ஒரு பையன் உண்டு. அங்கே நர்ஸம்மாவுக்கு மிஸ்ஸி என்று பேர்; இவர் லைசென்ஸ் வாங்கிய மருத்துவச்சி. எங்கள் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் விழுந்தவை.

அந்தக் கைக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. காப்பி குடித்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும். காப்பியை விடு, இல்லாவிட்டால் தொழிலை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஸ்ஸி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

"காப்பி இல்லாம எனக்குப் பொழுது விடியாது. புள்ள பாக்காம எனக்குப் பொழுது போகாது. ரெண்டும் வேணும் லா!"

சாரத்தை எடுத்துவிட்ட காப்பி ஒன்று ஜெர்மனியில் கிடைக்கிறது, அதில் படபடப்பு வராது என்று அதே டாக்டர்தான் சொல்லியிருக்கிறார். டின்னில் வந்ததைத் திறந்தால் மரத்தூள் வாசம் அடித்தது. அதனால் முதலாளி ஏஜெண்டு மூலம் அதையே பச்சைக் கொட்டையாக ஒரு சின்ன மூட்டை வரவழைத்தார். கடையில் அதற்கு நாங்கள் வைத்த பேர் செத்த காப்பி. நான் வறுத்து அரைத்துக் கொடுத்த பொட்டலந்தான் இப்போது கவுண்டரில் கிடந்தது.

2. சொன்னதையெல்லாம் செய்தார்

எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமாகப் போடுவதற்கு ஒன்றரை மடங்கு தூள் போடுங்கள். துணிப்பையில் ஊற்றாதீர்கள், கொட்டையின் எண்ணெயைத் துணியே குடித்துவிடும். பித்தளை பில்டரில் போடுங்கள். பில்டரை முதலில் வெந்நீரில் அலசிச் சூடாக்குங்கள். கொதி அடங்கிய தண்ணீரைக் கொஞ்சமாக விட்டுத் தூளை ஊறவைத்து, அப்புறம் மெள்ள ஊற்றுங்கள். இறங்கிய டிகாஷனை மறுபடி அடுப்பில் வைக்காதீர்கள்.

வாடிக்கைக்காரர்கள் பொதுவாக இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டில் பழையபடிதான் போடுவார்கள். மிஸ்ஸி ஒன்று விடாமல் செய்தார். நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த யாரிடமோ சொல்லிவைத்து பில்டரும் வாங்கினார். செய்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"முன்னைக்கு இது தேவல. நெறம் வந்துச்சு, கெட்டி வரல. வாயில வச்சா நிக்க மாட்டேங்குது. புல்லு வாசம் வேற."

அந்த நாக்கை நான் கையெடுத்துக் கும்பிடவேண்டும். நன்றாக இல்லை என்று சொல்ல எல்லாராலும் முடியும். எங்கே குறை என்று அவர்தான் சொன்னார்.

அவர் போனபின் முதலாளி பக்கத்தில் வந்தார். "ஒரு கைப்பிடி நல்ல காப்பியக் கலந்து குடுத்துருடா. யாருக்குத் தெரியப் போவுது?"

"அவங்க கைக்குத் தெரிஞ்சிரும், முதலாளி."

"அப்ப அந்த மூட்டைய நீயே தின்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

3. மிஷினை நிறுத்து

அடுத்த தடவை மிஸ்ஸி வந்தது பொட்டலம் வாங்க அல்ல. "நீ வறுக்கறத நான் பாக்கணும்" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உருளையைக் கரி அடுப்பின்மேல் ஏற்றிச் சுற்ற ஆரம்பித்தேன். அந்தத் தொழிலில் எல்லாரும் கண்ணைத்தான் நம்புவோம். பச்சைக் கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, கொட்டைப்பாக்கு நிறம் வந்ததும் இறக்கவேண்டும். அன்றைக்கும் கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். நிறம் வந்திருந்தது. இறக்கப் போனேன்.

"இரு தம்பி. பொரியற சத்தமே வரலையே? மத்த நாளு ரிக்‌ஷாவில போறப்பவே தெருவுக்குக் கேக்குமே."

"இந்தக் கொட்டைய அங்கேயே அவிச்சுக் கழுவி அனுப்புறாங்க, மிஸ்ஸி. வரும்போதே பழுப்பாத்தான் இருக்கு. நெறம் வந்துருச்சு, பாருங்க."

"வரும்போதே பழுப்புன்னா, நெறத்த வச்சு எப்படிச் சொல்லுவ? சில பொம்பளைக்கு வயிறு பெருசாத் தெரியும், நாள் ஆகியிருக்காது. நான் வயித்தப் பாத்துட்டா சொல்றேன்? வயித்துல மரக்குழல வச்சுப் புள்ள துடிப்பக் காதாலதான கேக்கறேன்! கண்ண மூடிக்கிட்டுச் சுத்து."

எனக்குச் சுருக்கென்றது. கொட்டை கருகினால் முதலாளி என்னை வறுத்துவிடுவார். ஆனாலும் சுற்றினேன். அரைவை மிஷின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. மிஸ்ஸி எழுந்தார். "மிஷின நிறுத்து!" என்றார், உள்ளே அரைத்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்து. வாசலில் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டிருந்த மாட்டுவண்டிக்காரரையும் அதட்டினார். அவரும் மிஸ்ஸி கையில் விழுந்தவராக இருக்கவேண்டும், வாயை மூடிக்கொண்டார்.

அப்போது கேட்டது. மற்ற கொட்டை சோளம் பொரிவதுபோல் வெடிக்கும். இது காய்ந்த சருகை யாரோ மிதித்ததுபோல் மெதுவாக, ஆனால் தெளிவாகப் பொரிந்தது. புல் வாசம் போய், நான் அதுவரை அந்தக் கொட்டையில் கண்டிராத ஒரு வாசம் எழுந்தது. சத்தம் தணிந்தபின் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு இறக்கினேன். கொட்டைமேல் எண்ணெய் மினுமினுத்தது.

என் தொழிலில் எனக்கு வராத புத்தி, தன் தொழிலிலிருந்து அவருக்கு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மறுநாள் மிஸ்ஸி கடைக்கு வந்து சொன்னார். "நாக்குல நின்னுச்சு, தம்பி. மத்தியானம் வரைக்கும் நின்னுச்சு." பிறகு அதே வேகத்தில் ஒரு பிரசவத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

4. எங்கள் வீட்டில்

அடுத்த வருஷம் என் மனைவிக்கு நாள் நெருங்கியது. ஒரு காலை வலி கண்டதும் ஆள் அனுப்பினேன். மிஸ்ஸி அப்போதுதான் கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு பெர்ரிப் படகில் திரும்பியிருந்தார். முகம் வாடியிருந்தது. உள்ளே போய் என் மனைவியைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் நேரம் இருக்கு. காப்பி போடு" என்றார். செத்த காப்பியைத்தான் போட்டேன். நின்றபடியே குடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

கதவுக்கு வெளியே நான் பட்ட பாட்டை எழுதி முடியாது. உள்ளே என் மனைவி அலறினாள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. வெகுநேரம் கழித்துப் பிள்ளை அழுதது.

மிஸ்ஸி கதவைத் திறந்தார்.

"பொம்பளப் புள்ள. கழுத்துல கொடி ரெண்டு சுத்துச் சுத்தியிருந்துச்சு. எடுத்துட்டேன். ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

தலைக்கும் உடம்புக்கும் நடுவில் விரலை விட்டு அந்தக் கொடியைத் தளர்த்திய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அழுதேன்.

"அழுதது போதும். காப்பிதான் ஒரே தண்ணி. பயத்துல தூளக் கொறச்சிட்ட, தம்பி. போ, ஒழுங்கா இன்னொண்ணு போட்டுக் கொண்டா."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. சாரம் எடுத்த காப்பிதானே என்று தூளில் கை வைக்காதீர்கள். அதைக் குடிக்கிறவர்கள் ஏதோ ஒன்றுக்காகத்தான் நல்ல காப்பியை விட்டிருக்கிறார்கள்.