என் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி

இத்தாலியின் பலெர்மோவில் தேர்தல் வந்தால் எனக்கு வேலை கூடிவிடும். நான் வேலை பார்க்கும் வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. வாக்குப் போடும் நாளில் முத்துமாலை அணிந்து, உதட்டுச் சாயம் பூசி, என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடப்பார். வாசலில் கைப்பையை என்னிடம் தந்துவிட்டு உள்ளே போவார். திரும்பி வந்ததும் "எல்லாரும் கள்ளர்" என்பார். பதினாறு வருஷமாக அந்தப் பையோடு வாசலில் நின்றிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது.

இலங்கையில், எங்கள் ஊரில் எனக்கு வாக்கு வயது வந்தபோது ஒரு தேர்தல் நடந்தது. சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் போகவில்லை. பிறகு நாட்டை விட்டு வந்தேன். கிராம சேவகர் வாக்காளர் இடாப்பிலிருந்து என் பெயரை வெட்டிவிட்டார். அவரில் பிழையில்லை, ஆள் இல்லாத வீட்டில் யாரைப் பதிவது? வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க எங்கள் நாட்டில் வழியும் இல்லை. இத்தாலியப் பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் எந்த மேசையில் நித்திரை கொள்கிறதோ. ஆக, ஐம்பது வயதாகியும் ஒரு புள்ளடி போட்டதில்லை. வாக்குச்சீட்டில் பெயருக்கு நேரே இடும் பெருக்கல் குறியை நாங்கள் புள்ளடி என்போம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோபம்தான்.

அப்போதுதான் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. இங்கே வாழும் வெளிநாட்டவருக்கென்று ஓர் ஆலோசனைச் சபை இருக்கிறதாம். பிரஜாவுரிமை இல்லாதவர்களும் வாக்களிக்கலாம், போட்டியும் போடலாம். சபைக்குச் சட்டம் போடும் அதிகாரம் கிடையாது, நகரசபைக்கு ஆலோசனை சொல்லலாம். சொன்னால் கேட்பார்களா என்பது வேறு கதை. நான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, போட்டி போடப் போவதாக என்னைக் கட்டின மனிசனிடம் சொன்னேன்.

"நீரோ?" என்றார்.

"ஏன், நான் கதைக்க மாட்டனோ?"

"கதைக்கிறதிலை ஒரு குறையும் இல்லை" என்றார் மனிசன்.

எனக்குக் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் கிழமைக்கு இரண்டு நாளாவது தமிழ் தெரிந்த ஒரு பெண் இருக்க வேண்டும். என் மகளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வைத்து அவளைத்தான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு அப்போது இத்தாலியன் அரைகுறை. டொக்டர் என்னவோ சொன்னார். அவள் முழித்துவிட்டு, "அம்மா, உங்கடை வயித்துக்குள்ளை ஒரு பந்து இருக்காம்" என்றாள். கர்ப்பப்பையில் கட்டி. பிறகு சத்திரசிகிச்சை செய்து நன்றாகிவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

எங்கள் ஆட்களில் இன்னொருவரும் போட்டியிட்டார், மன்னாரைச் சேர்ந்த ஓர் அண்ணை. மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. கோயிலுக்குப் போகிற நாங்கள், தேவாலயத்துக்குப் போகிற அவர்கள் என்ற பேதமெல்லாம் எங்கள் இரு வீட்டுக்கும் இடையில் இல்லை. இயேசு பிறந்த நத்தாருக்கு அங்கே, பொங்கலுக்கு இங்கே. அவருக்கும் கேட்க ஒன்றுதான் இருந்தது: ஞாயிற்றுக்கிழமையில் கிரிக்கெட் விளையாட ஒரு நல்ல வெளி. இருக்கிற தமிழ் வாக்குகளை எப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஆட்கள் கூடுதலாக இருக்கும் ஒரேத்தோவிலும் போர்கோ வெக்கியோவிலும் மனிசனோடு வீடு வீடாக ஏறினேன். ஏறிய வீடெல்லாம் தேத்தண்ணீர். எல்லாரும், "ஓம், உங்களுக்குத்தான்" என்றார்கள். அடுத்த நாள் அண்ணை போனார். அவருக்கும் அதே தேத்தண்ணீர், அதே ஓம். வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கம் யாருக்கு இருக்கிறது? கடைசியில் அவர் எங்கள் வீட்டுக்கே வாக்குக் கேட்டு வந்தார். நான் இடியப்பமும் சொதியும் வைத்தேன். பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி, என்னை மறந்திடாதேங்கோ" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நானும் "ஓம்" என்றேன்.

வாக்களிப்பு ஒரு பழைய மண்டபத்தில் நடந்தது. புதுச் சேலை உடுத்திப் போனேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு அக்கா சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, மை பூசச் சொல்லி விரலை நீட்டினார். மேசையில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து அந்த விரலையும் கையையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். அக்காவுக்குப் பரம சந்தோஷம்.

என் முறை வந்தது. பென்சிலைத் தந்தார்கள். திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டை விரித்தேன். என் பெயர், அச்சில். ஐம்பது வருஷத்தில் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. ஆனால் என் பெயருக்கு நேரே புள்ளடி போடக் கை போகவே இல்லை. தன் பெயருக்குத் தானே போடுவதா? வீட்டுக்காரி முதல் பந்தியில் இலையைப் போட்டுக்கொண்டு இருப்பது மாதிரி ஒரு கூச்சம். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன மனிதர் வேறு, நானும் வாயால் ஓம் சொல்லியிருந்தேன். அண்ணையின் பெயருக்கு நேரே போட்டேன். மரியாதையாக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு வெளியே வந்தேன்.

பின்னேரம் எல்லார் முன்னிலையிலும் எண்ணினார்கள். ஒரு உத்தியோகத்தர் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துச் சத்தமாக வாசித்தார். என் பெயரை அவர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் கடித்துத் துப்பினார். ஆனாலும் அது வந்துகொண்டே இருந்தது. கடைசிச் சீட்டும் முடிந்தபோது அண்ணைக்கு என்னைவிட ஒரு வாக்குக் கூடுதல்.

ஒன்று. எனக்கே போட்டிருந்தால் அவருக்கு ஒன்று குறைந்து எனக்கு ஒன்று கூடியிருக்கும். நான் உள்ளே போயிருப்பேன்.

பஸ் தரிப்பு வரைக்கும் மனிசன், ஓம் சொல்லிவிட்டு அண்ணைக்குப் போட்ட ஆளைத் தேடிக்கொண்டே வந்தார். "அந்த ஒரேத்தோப் பல்லுக்காரன்தான். தேத்தண்ணிக்குச் சீனி போடேக்கையே எனக்கு விளங்கினது. இல்லாட்டி அவன்ரை மனிசி. ஆரெண்டு மட்டும் தெரியட்டும்!"

"நான்தான்" என்றேன்.

"என்ன நான்தான்?"

"அண்ணைக்குப் போட்டது நான்தான்."

மனிசன் என்னைப் பார்த்தார். பிறகு அங்கேயே குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார். பஸ் வந்தும் எழும்பவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் அழுகையும் வந்தது. வாழ்க்கையில் முதல்முதலாகக் கிடைத்த ஒரே வாக்கை ஒரு கிரிக்கெட் வெளிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்! ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்து என்னைப் பார்த்த அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?

அடுத்த ஞாயிறு அண்ணை ஒரு தட்டு நிறைய ரிக்கொத்தாப் பாற்கட்டி வைத்த பலகாரங்களோடு வந்தார். கோபதாபம் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். ஒளிக்க மனமில்லாமல் நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கோ போட்டனீங்கள்? விசரோ தங்கச்சி உங்களுக்கு?" கையிலிருந்த பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டார். "நான் என்ரை பேருக்குத்தான் போட்டனான். பென்சில் முறியிற மாதிரி அழுத்திப் போட்டனான். என்னை நானே நம்பாட்டி வேறை ஆர் நம்புறது?"

மனிசன் குசினிக்குள் போய்ச் சிரித்தார்.

அண்ணை பலகாரத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். "சரி, யோசியாதேங்கோ. முதல் கூட்டத்திலை உங்கடை ஆஸ்பத்திரி விசயத்தை நானே கேக்கிறன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷமாக எனக்காக யாரோதான் கதைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். டொக்டரிடம் மகள், அரசாங்கக் கந்தோர்களில் மனிசன், இனி இவர்.

"வேண்டாம் அண்ணை. நீங்கள் கிரிக்கெட்டைக் கேளுங்கோ. கூட்டத்துக்கு ஆரும் வரலாம், கை உயர்த்திக் கதைக்கலாம் எண்டு கடிதத்திலை கிடக்கு. என்ரை விசயத்தை நானே வந்து கேக்கிறன். அடுத்த தேர்தலிலை என்ரை பேருக்கு நேரை முதல் புள்ளடி நான்தான் போடுவன்."

"அப்ப எனக்கு ஒரு வாக்குக் குறையப்போகுது" என்றார் அண்ணை.

"ஓம் அண்ணை, குறையும்" என்றேன்.